மறியலில் வருத்தம் வந்தால் முதலில் பார்ப்பது டொக்டர் இல்லை

வெளியில் இருக்கும் எங்களுக்கு நெஞ்சு நோ வந்தால் ஆரையும் நம்பவைக்கத் தேவையில்லை. வீட்டில் ஒருவர் பதறுவார், ஓட்டோ பிடிப்பார், இல்லாவிட்டால் 1990க்கு அடிப்பார். மறியலில் இருப்பவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒரு மனிசனை அவர் முதலில் நம்பவைக்க வேண்டும். அந்த மனிசன் மருத்துவம் படித்தவர் அல்ல. இரவு நேரத்தில் பெரும்பாலும் சாவியும் அவர் கையில் இருப்பதில்லை. ஆனாலும் இது உண்மையான வருத்தமா நடிப்பா என்று முதல் தீர்ப்புச் சொல்வது அவர்தான்.

அந்த இடத்தில் நின்ற ஒருவரோடு அண்மையில் நீண்ட நேரம் கதைக்கக் கிடைத்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சிறைக்காவலராக இருந்து ஓய்வுபெற்ற தமிழர். பெயரும் வேலை செய்த இடமும் போடவேண்டாம் என்றார். ஓய்வூதியத்துக்குப் பயந்தா என்று கேட்டோம். "அதுக்கில்லை பிள்ளையள், ஊருக்குள்ள நான் இப்ப கோயில் தலைவர்" என்று சிரித்தார்.

சிறைக்காவலர் என்றதும் எங்கள் ஆட்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எங்களுக்குத் தெரியும். 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டது வரும். 2012இல் வவுனியாச் சிறைச்சாலைச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு தமிழ் அரசியல் கைதிகள் அடுத்தடுத்து உயிரிழந்தது வரும். "அவங்களுக்காக நீங்கள் ஏன் எழுதுறியள்?" என்று எங்கள் கூட்டத்துக்குள்ளேயே ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் அவர்களுக்காக எழுதவில்லை. ஒரு கைதி நோயால் சாகும்போது அந்தச் சாவு எந்தெந்தக் கைகளைக் கடந்து வருகிறது என்று பார்க்க நினைக்கிறோம். அந்தக் கைகளில் ஒன்று இந்த ஐயாவுடையது.

அவர் சொன்ன கதை ஒரு தண்டப்பணக் கைதியைப் பற்றியது. கசிப்பு வழக்கு, நீதிமன்றம் போட்ட தண்டத்தைக் கட்ட வழியில்லாமல் உள்ளுக்கு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். வன்னிப் பக்கம் கூலிக்குக் கமம் செய்தவர். சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே இருந்தது. அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா என்று வரண்ட வலயம் முழுக்க விவசாயிகளைப் பிடித்திருக்கும் அந்த வருத்தம்தான். காரணம் இன்னதென்று இன்னும் உறுதியாகச் சொல்லப்படாததால் பெயரிலேயே "காரணம் அறியப்படாத" என்று சேர்த்துக்கொண்ட வருத்தம்.

உள்ளுக்கு வந்த பிறகு அவருக்கு இரண்டு கிளினிக் தவறியது. டொக்டர் துண்டு எழுதித்தான் கொடுத்திருந்தார். ஆனால், கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டுமே. "வழக்கு நாளில காவலர் எல்லாம் கோட்டுக்குப் போயிடுவினம். ஒரு கைதிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதெண்டா ரெண்டு பேர் வேணும். மிச்சம் நிக்கிறதே நாலு பேர். அண்டைக்கு கிளினிக் இல்லை. அவ்வளவுதான்."

பிறகு ஒரு இரவு. பதினொரு மணியளவில் மற்றக் கைதிகள் கோப்பையால் கம்பியில் தட்டினார்கள். இவர் போய்ப் பார்த்தார். கால் இரண்டும் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மாலையில் கணக்கெடுத்துப் பூட்டியதும் சாவி அலுவலகத்துக்குப் போய்விடும். இரவில் தனியாகத் திறக்க அனுமதியில்லை. ஜெயிலரிடம் ஓடிப்போய்ச் சொன்னார். ஜெயிலர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி: நடிக்கிறானா?

"அந்த நேரம் நான் என்ன சொல்லவேணும், சொல்லுங்கோ. எனக்கு டொக்டர் படிப்பில்லை. இல்லை சேர், உண்மைதான் எண்டு சொன்னா அது என்ர பொறுப்பு. வழியில இறங்கி ஓடினா என்ர வேலை போச்சு. நடிக்கிறவங்களும் இருக்கிறாங்கள் பிள்ளையள், நான் பாத்திருக்கிறன். ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு பீடி கிடைக்கும், வீட்டுச் சனத்தைப் பாக்கலாம் எண்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு உருளுவாங்கள். நூறு தரம் ஏமாந்தவனுக்கு நூத்தியோராவது தரம் என்ன தெரியும்?"

இந்த வாதத்தை நாங்கள் அப்படியே விட்டுவிடத் தயாரில்லை. நூறு பேர் நடித்தால் நூறு பேரையும் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டிவருவதுதான் அரசின் வேலை. அதில் அரசுக்குப் போவது பெற்றோல் காசு. ஒரு ஆஸ்பத்திரிப் பயணத்துக்காக மனிசர் உருண்டு புரளவேண்டியிருக்கிறது என்றால் உள்ளே வாழ்க்கை எப்படியிருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆனால், அந்தக் கேள்வியை ஒரு காவலரிடம் நடு இரவில் கேட்பதே பிழை என்பதில் ஐயாவோடு உடன்படுகிறோம். அதை அவரிடம் கேட்கும்படி ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அவர் எந்தப் பதில் சொன்னாலும் முறைக்கு நட்டமில்லை.

வாகனம் வர ஒன்றரை மணி தாண்டிவிட்டது. வாட்டில் கட்டிலோடு சேர்த்துக் கைவிலங்கு. எழும்பி இருக்கவே ஏலாத மனிசனுக்கு விலங்கு. ஆறு நாள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். இடது கை வீங்குகிறது, அதில் மருந்து ஏற்றவேண்டும், விலங்கைக் கழட்டுங்கோ என்று தாதி சொன்னபோது இவர் போன் எடுத்துக் கேட்டார். கையிலிருந்து காலுக்கு மாற்றச் சொன்னார்கள். மகள் பார்க்க வந்தாள், பள்ளிக்கூடம் போகிற வயது. அவள் வரும் நேரத்தில் இவர் தன் துவாயை எடுத்து விலங்குக்கு மேல் போட்டுவிடுவார். "அது அவளுக்குத் தெரியும்தானே. தெரியாத மாதிரி இருந்தவள்."

ஆறாம் நாள் விடியப்புறம் மனிசன் முடிந்தது. "செத்த பிறகு விலங்கைக் கழட்டுறதுக்கும் போன் எடுத்துத்தான் கேட்டனான்."

காவலில் ஒருவர் இறந்தால் நீதவான் விசாரணை உண்டு. இவரும் வாக்குமூலம் கொடுத்தார். அங்கேதான் எங்களுக்குப் பெரிய சிக்கல் இருக்கிறது. புத்தகத்தில் முறைப்பாடு பதியப்பட்ட நேரம் 12.20. கோப்பையால் தட்டியது பதினொரு மணிக்கு. இடையில் உள்ள நேரத்தை ஒருவரும் அழிக்கவில்லை, திருத்தவில்லை. அது முதலிலிருந்தே எழுதப்படவில்லை. ஜெயிலர் அனுமதி கொடுத்த நேரம்தான் "தகவல் கிடைத்த நேரம்". இது வழக்கம், எல்லா இரவிலும் அப்படித்தான் என்றார். பதினொரு மணிக்கே தட்டினார்கள் என்று நீதவானிடம் சொன்னீங்களா என்று கேட்டோம். "கேட்டதுக்குப் பதில் சொன்னனான்" என்றார். பிறகு தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

அந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. முகத்துக்கு நேரேயே சொன்னோம். கேட்காததைச் சொல்லும் கடமை அவருக்கு இருந்தது. துவாய் போட்ட மனிசனுக்கு அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தைச் சொல்ல வாய் வரவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று வரும் வழியெல்லாம் எங்களுக்குள் வாக்குவாதம். முடியவில்லை.

இது ஒரு தனி மனிசரின் கதை, இதை வைத்து நாட்டை எடைபோடலாமா என்று கேட்கலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, அம்பிகா சற்குணநாதனின் தலைமையில் 20 சிறைச்சாலைகளுக்குள் போய் ஆய்வு செய்து 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. வைத்திய ஆளணி பற்றாமை, கிளினிக்குக்குக் கூட்டிப்போகக் காவலர் இல்லாமை, இரவு நேர அவசரங்களில் தாமதம் என்று ஐயா சொன்னவை அதிலும் இருக்கின்றன. அந்த அறிக்கை வெளிவருவதற்கு முன்னர்தான், 2020 நவம்பர் 29ஆம் திகதி, மஹரவில் கலவரம். ஆயிரம் பேருக்கான இடத்தில் அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேற்பட்டோர் நெரிந்துகிடந்த சிறைச்சாலை. உள்ளே கொரோனா பரவிக்கொண்டிருந்தது. பயந்த கைதிகள் சோதனை கேட்டார்கள், விடுதலை கேட்டார்கள். 11 பேர் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் காயம். எங்களைப் பொறுத்தவரை அதுவும் கம்பியில் கோப்பை தட்டிய கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

சட்டம் என்று பார்த்தால், எங்கள் சிறைச்சாலைகள் இன்றும் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் ஓடுகின்றன. திருத்தங்கள் வந்திருக்கின்றன, அடித்தளம் வெள்ளைக்காரன் போட்டது. மறுபக்கம், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் இருக்கின்றன. வெளியில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் கைதிக்கும் மருத்துவம் கிடைக்கவேண்டும் என்கிறது 24ஆம் விதி. மருத்துவ முடிவை வைத்தியத்துறையினர் மாத்திரமே எடுக்கலாம், சிறை உத்தியோகத்தர் அதை மீறவோ கணக்கெடுக்காமல் விடவோ கூடாது என்கிறது 27ஆம் விதி. தாதி கழட்டச் சொன்னதை போனில் இருந்தவர் மறுத்தாரே, அது இந்த இரண்டாவதுக்கு நேர் எதிர்.

முறை வேலை செய்யவே மாட்டாது என்றும் சொல்ல முடியாது. 2025 ஓகஸ்ட் 22ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க விளக்கமறியலில் வைக்கப்பட்டார். உடல்நிலை காரணமாகச் சிறைச்சாலை வைத்தியசாலைக்கும், அடுத்த நாளே கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் கொண்டுபோனார்கள். 26ஆம் திகதி பிணை. அப்போது முகப்புத்தகம் முழுக்க "நடிப்பு" என்ற நக்கல்தான். எங்களுக்கு அந்த நக்கலில் பங்கில்லை. டொக்டர்மார் பார்த்தார்கள், முடிவு சொன்னார்கள், வாகனம் வந்தது, மனிசனைக் கொண்டுபோனார்கள். ஒருவரை அப்படித்தான் நடத்தவேண்டும். வன்னிக் கமக்காரனுக்கு ஏன் அது நடக்கவில்லை என்பதுதான் எங்கள் கோபம். "நடிப்பு" என்று முகப்புத்தகத்தில் எழுதியவர்களும் அந்த ஜெயிலர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று. அந்த மனிசன் உள்ளே இருந்திருக்கவே தேவையில்லை. தண்டப்பணம் கட்ட ஏலாதவர்களைக் கொண்டுவந்து அடைப்பது எங்கள் சிறைச்சாலைகளில் அன்றாடம் நடப்பது. காசுள்ளவன் அதே குற்றத்துக்குக் கட்டிவிட்டுப் பின்னேரம் வீட்டுக்குப் போகிறான். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் எதற்காக இருக்கிறது? கசிப்பு வழக்கில் தண்டம் கட்டாத சிறுநீரக நோயாளியை அடைத்து, அவருக்குக் காவலுக்கு முறைவைத்து ஆட்களை இருத்தி, சாப்பாடும் வாகனமும் கொடுத்து அரசு செலவழித்த காசு அவருடைய தண்டத்தை விடக் கூடியிருக்கும். கணக்குப் பார்ப்பவர்களாவது இதைப் பார்க்கட்டும்.

பெரிய சீர்திருத்தங்கள் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது, இலவசம். கைதி ஒருவர் மூச்சுத்திணறினால் கடமையில் நிற்கும் காவலர் மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் 1990ஐ அழைக்கலாம், அழைத்ததற்காக அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை வராது என்று எழுத்தில் கொடுங்கள். வாயிலில் பாதுகாப்புப் பரிசோதனையை அம்புலன்ஸ் வந்துசேரும் நேரத்தில் செய்துகொள்ளலாம். பெரிய சிறைச்சாலைகளில் இரவுக்கு ஒரு தாதியையாவது போடுங்கள். தமிழில் நோவைச் சொல்கிற கைதிக்கு, அதை விளங்கக்கூடிய ஒருவர் அந்த முறையில் நிற்கட்டும். "மூச்சு முட்டுது" என்பதைச் சைகையில் காட்டித் தப்பவேண்டிய நிலைமை இன்னும் இருக்கிறது. ஐயா அன்றிரவு நின்றபடியால் அந்தக் கைதிக்கு அந்த ஒரு கஷ்டம் மட்டும் இருக்கவில்லை.

புத்தகத்தில் ஒரு நிரல் கூடப் போடவேண்டும்: கைதி முதலில் கூப்பிட்ட நேரம். ஜெயிலருக்குச் சொன்ன நேரம் வேறு, அனுமதி கிடைத்த நேரம் வேறு, வாகனம் வெளிக்கிட்ட நேரம் வேறு. நாலும் தனித்தனியாக, எழுதியவரின் கையொப்பத்தோடு. பிறகு மரண விசாரணையில் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன் என்று ஒருவரும் தப்ப ஏலாது. இதற்குப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை. சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.