தாளத்துக்குப் பட்டா இல்லை, கடன் உண்டு

ஜமைக்காவின் தலைநகராகிய கிங்ஸ்டனில் 1989ஆம் ஆண்டு இரண்டு வாத்தியக்காரர்கள் சேர்ந்து அமைத்த ‘ஃபிஷ் மார்க்கெட்’ என்னும் பாட்டில்லாத இசைத்துண்டின் தாளக்கட்டே, இன்று ஸ்பானிஷ் பேசும் உலகம் முழுவதும் ஒலிக்கும் ரெகேட்டோன் சங்கீதத்துக்கு அஸ்திவாரம் என்றும், ஆகவே அதைக் கையாண்ட 1,600க்கும் மேற்பட்ட பாடல்களின் வருமானத்தில் தங்களுக்குப் பாத்தியதை உண்டென்றும் கோரி, கலிபோர்னியாவின் மத்திய மாவட்டப் பெடரல் நீதிமன்றத்தில் 2021இல் தொடங்கிய வழக்கு, பதிப்புரிமை விவகாரங்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்து நிற்கிறது. ஸ்டீலி, க்ளீவி என்ற பெயர்களால் இசையுலகம் அறிந்த அவ்விரட்டையருள் க்ளீவ்லாண்ட் பிரௌன் நேரில் வழக்காடுகிறார். விக்ளிஃப் ஜான்ஸன் 2009இல் காலமாகிவிட்டபடியால் அவருடைய எஸ்டேட்டின் சார்பில் வழக்கு நடக்கிறது. பிரதிவாதிகளின் ஜாபிதாவில் டாடி யாங்கி, லூயிஸ் ஃபோன்ஸி, பேட் பன்னி, கரோல் ஜி என்று இத்துறையின் பிரபலஸ்தர்கள் பெரும்பாலோரையும், அவர்களோடு பெரிய ஒலிப்பதிவுக் கம்பெனிகளையும் காண்கிறோம்.

இவ்விவகாரத்தில் நமது அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நலம். ஒரு தாளத்தை ஒருவர் பெயருக்குப் பட்டாப் போட்டுக் கொடுக்கும் அதிகாரம் எந்த நியாயஸ்தலத்துக்கும் இருக்கலாகாது. அதே சமயம், ரெகேட்டோன் சங்கீதம் ஸ்டீலிக்கும் க்ளீவிக்கும் பட்டிருக்கும் கடனை, சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஒலிப்பதிவுக் கம்பெனிகள் மறுப்பதும் தர்மமாகாது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று இரு தரப்பு வக்கீல்களும் வாதிக்கலாம். அப்படி வாதிக்கத்தான் அவர்களுக்குச் சம்பளம். நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

பெரிய முரசு சீரான இடைவெளியில் தப்பாமல் ஊன்றிக்கொண்டே போக, ஸ்னேர் என்னும் சிறு முரசு எட்டு மாத்திரைகளை மூன்று, மூன்று, இரண்டு என்று பங்கிட்டு, எதிர்பாராத இடங்களில் விழுந்து, கேட்பவன் இடுப்பை அவன் சம்மதமின்றியே அசையச் செய்யும் அந்தத் தாளத்தின் பிரயாணம் விசித்திரமானது. கிங்ஸ்டனில் இயந்திர முரசில் அது அமைந்தபோதே, ஜமைக்காவின் ஏழை ஜனங்கள் போக்கோமேனியா வழிபாட்டில் கொட்டும் முழவின் சாயல் அதில் ஏறியிருந்தது. அதே பகுப்பு ஹவானாவின் ஹபனேராவிலும் டிரினிடாடின் கலிப்ஸோவிலும் உண்டு. அவற்றுக்கும் அப்பால் தேடினால், அடிமைக் கப்பல்களில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்துவந்த ஆப்பிரிக்க ஜனங்களிடம் போய் முடியும். 1990இல் ஷாபா ராங்க்ஸ் என்ற பாடகர், பாபி டிஜிட்டலின் தயாரிப்பில், இத்தாளத்தின்மீது ‘டெம் பௌ’ என்ற பாட்டைப் பாடினார். தற்பால் விருப்பினரை இகழும் அப்பாட்டின் பொருளைப் புகழ நாம் முன்வரவில்லை. பாட்டை ஜனங்கள் மெல்ல மறந்துபோக, டெம்பௌ என்ற பெயர் மட்டும் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு நிலைத்தது.

ஸ்பானிஷ் பாஷைக்கு அத்தாளம் வந்த வழி பனாமா வழி. 1904க்கும் 1914க்கும் இடையே அமெரிக்கர் பனாமாக் கால்வாயை வெட்டியபோது, பார்படோஸ், ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து ஆயிரமாயிரமாக வந்து சேர்ந்த கறுப்பினத் தொழிலாளருக்கு வெள்ளி நாணயத்திலும், அமெரிக்க வெள்ளையருக்குப் பொன் நாணயத்திலும் சம்பளம் அளந்தார்கள் என்பது சரித்திரம். அத்தொழிலாளரின் சந்ததியார் நடுவிலிருந்து கிளம்பிய நாந்தோ பூம், எல் ஹெனரால் போன்ற பாடகர்கள்தாம் ஜமைக்காவின் பாட்டுமுறையை முதலில் ஸ்பானிஷில் பாடிக் காட்டியவர்கள். அவர்களுக்காக நியூயார்க்கில் டென்னிஸ் தாம்ஸன் என்ற ஜமைக்கர் அத்தாளத்தைப் புதிதாக அமைத்துக் கொடுத்தார். அவர் கைப்பட்ட வடிவமே பின்னர் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரத்து டிஜேக்களின் கையில் சிக்கியது. பிளேயரோ, நீக்ரோ என்ற பட்டப்பெயர்கள் பூண்ட டிஜேக்கள் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சர்க்கார் கட்டிக்கொடுத்த ஏழைக் குடியிருப்புகளின் இளைஞர்களை அதன்மேல் பாடவைத்து, கேஸட்டுகளாக்கிக் கைக்குக் கை விற்றார்கள். வாதிகள் உரிமை கோருவது கிங்ஸ்டன் தாளத்துக்கு. சான் ஹுவானில் சுழன்றதோ அதன் மறுபதிப்பு. இந்த வேறுபாட்டைப் பின்னால் மறுபடியும் எடுக்கவேண்டியிருக்கும்.

அந்த இளைஞர்களை அவர்களுடைய சொந்தத் தேசத்துச் சர்க்கார் எப்படி நடத்தியது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆளுநர் பெத்ரோ ரொஸ்ஸெயோவின் ஆட்சியில், குற்றத்தை இரும்புக் கரங்கொண்டு அடக்குவதாகச் சொல்லி ஏழைக் குடியிருப்புகளுக்குள் படைவீரர்களையே புகுத்திய நாட்களில், 1995ஆம் ஆண்டு போலீசார் சான் ஹுவானின் இசைத்தட்டுக் கடைகளில் சோதனை நடத்தி, ஆபாசம் என்று கூறிக் கேஸட்டுகளைப் பறிமுதல் செய்தனர். 2002இல் வெல்தா கொன்ஸாலெஸ் என்ற செனட்டர் அம்மையார், இப்பாட்டுகளுக்கு ஆடும் பெர்ரேயோ என்னும் நடனத்தையும் அதன் வீடியோக்களையும் கண்டித்து இயக்கமே நடத்தினார். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து டாடி யாங்கியின் ‘கஸோலினா’ உலகைச் சுற்றிவந்தது. அதைத் தயாரித்த லூனி டியூன்ஸ் இரட்டையர் டொமினிக்கன் தேசத்தில் பிறந்து, ஹார்வர்டு சர்வகலாசாலையின் உணவுச்சாலையில் ஊழியம் பார்த்தவர்கள். 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதே ‘கஸோலினா’வைத் தேசத்தின் நினைவில் நிற்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் சேர்த்துக்கொண்டது. நடுவே 2017இல் ‘டெஸ்பஸீட்டோ’ அமெரிக்கப் பாட்டு வரிசையில் 16 வாரங்கள் முதலிடத்தில் நின்றதும், 2020இல் முழுவதும் ஸ்பானிஷிலேயே அமைந்த பேட் பன்னியின் ஆல்பம் முதன்முறையாக அந்நாட்டு ஆல்பம் வரிசையின் உச்சியை எட்டியதும் வாசகர்கள் அறிந்தவையே.

ஏளனத்தையும் தடியடியையும் கடந்து வந்த ஒரு சங்கீதம், அங்கீகாரம் மறுக்கப்படுவதன் வலியை அறிந்திருக்கவேண்டும். அறிந்தும் இருந்தது. 2019ஆம் ஆண்டு லத்தீன் கிராமி விருதுக்கான பரிந்துரைகளில் முக்கியமான பிரிவுகளிலிருந்து ரெகேட்டோன் ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கப்பட்டபோது, டாடி யாங்கி, ஜே பால்வின் முதலியோர் ரெகேட்டோன் இல்லாமல் லத்தீன் கிராமியே இல்லை என்று பகிரங்கமாக முழங்கினார்கள். எங்கள் உழைப்பால் உங்கள் சபை செழிக்கிறது, எங்கள் பெயரைச் சொல்ல மட்டும் கூசுகிறீர்களே என்பது அந்த முழக்கத்தின் சாரம். அன்று அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. அப்படி முழங்கியவர்களில் பலர், சில ஆண்டுகளுக்குள்ளேயே கிங்ஸ்டன்காரர்கள் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளால் தங்கள் வாசற்படியில் வந்து நின்றபோது, வக்கீல்களை முன்னே அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். சிறுமை என்றால் இதுதான்.

முப்பது வருஷம் எங்கே போயிருந்தார்கள் என்று வாதிகளைப் பார்த்துக் கேட்பவர் உண்டு. இந்தக் கேள்வி நமக்கு உவப்பாக இல்லை. ஜமைக்கா தனக்கென நவீன பதிப்புரிமைச் சட்டம் இயற்றிக்கொண்டதே 1993இல்தான். அதற்கு முன்னர் வாத்தியக்காரர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து வாசித்து, கையில் கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது சர்வ சாதாரணம். பொருளும் பாண்டித்தியமும் உள்ள நாட்டு வக்கீலை அமர்த்திக் கடல் கடந்து வழக்காட வறியவனுக்குக் காலம் பிடிப்பது அவன் குற்றமன்று.

ஆயினும் வாதிகளின் கோரிக்கையை அது கேட்கும் அளவுக்கே ஏற்றுக்கொண்டால் என்ன நேரும் என்பதை ஜமைக்காவின் சரித்திரமே சொல்லும். ஒருவர் அமைத்த இசைக்கட்டின்மீது நூறு பேர் நூறு பாட்டுப் பாடுவது அத்தீவின் சம்பிரதாயம். ரிடிம் என்று அவர்கள் அழைக்கும் அந்தப் பொது இசைக்கட்டு இல்லாவிட்டால் அந்நாட்டுச் சங்கீதமே இல்லை. 1985இல் கிங் ஜாமியின் கூடத்தில் வெயின் ஸ்மித் பாடிய ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ ஜமைக்காவின் சங்கீதத்தை ஒரே வீச்சில் மின்னணு யுகத்துக்குள் தள்ளியது. அதன் இசைக்கட்டு எங்கிருந்து வந்தது? ஜப்பானியக் கம்பெனியாகிய காஸியோ தயாரித்த எம்டி-40 என்ற சிறிய கீபோர்டில், பொத்தானை அழுத்தினால் தானே ஒலிக்கும்படி தொழிற்சாலையிலேயே பதிந்துவைத்திருந்த ஒரு ராக் தாளத்திலிருந்து வந்தது. அதை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண்மணி. கல்லூரியில் ரெகேயைப் பற்றியே ஆய்வுரை எழுதியவர். ஜமைக்காவின் சங்கீதத்தை டோக்கியோவில் இருந்து நேசித்த ஒருத்தியின் கைவேலை ஜமைக்காவுக்கே திரும்பி வந்து, அங்கே நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்குத் தாயாயிற்று. அந்த அலை எழுந்த அதே ஜாமியின் கூடத்தில்தான் ஸ்டீலியும் க்ளீவியும் பிரதான வாத்தியக்காரர்களாக அமர்ந்து தங்கள் கலையை வளர்த்தார்கள். இன்று அவர்கள் தரப்பு கோரும் நியமத்தை 1985இல் ஒருவர் அமல் நடத்தியிருந்தால், ‘ஃபிஷ் மார்க்கெட்’ பிறந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அமெரிக்கச் சட்டமோ இவ்விஷயத்தில் இரண்டு நாக்கால் பேசுகிறது. ‘பிளர்ட் லைன்ஸ்’ வழக்கில் மார்வின் கேயின் குடும்பத்தாருக்குச் சேரவேண்டிய பெருந்தொகையை 2018இல் உறுதி செய்த அதே ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 2022இல் கேட்டி பெர்ரியின் ‘டார்க் ஹார்ஸ்’ வழக்கில், எட்டு ஸ்வரங்கள் கொண்ட எளிய கோவை எவருடைய தனியுடைமையும் ஆகாது என்று தீர்ப்பளித்தது. கலிபோர்னியா அந்த வட்டாரத்துக்கு உட்பட்டது. டெம்பௌ வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளிவிடுமாறு பிரதிவாதிகள் கேட்டபோது, இத்தாளத்தின் கூறுகள் அச்சங்கீத வகை முழுவதற்கும் பொதுவானவையா அல்லவா என்பதை அந்தக் கட்டத்தில் ஆராய்ந்து முடிவுகட்ட இயலாது என்று கூறி, நீதிபதி ஆந்த்ரே பிரோட் 2024 மே மாதத்தில் அவ்வேண்டுகோளைப் பெரும்பாலும் மறுத்துவிட்டார். அது சரியான முடிவே. ஆராயவேண்டிய கட்டம் வரும்போது, ஒலிப்பதிவை அப்படியே வெட்டி எடுத்து ஒட்டியவனையும், கேட்ட தாளத்தைத் தன் கையால் புதிதாகக் கொட்டியவனையும் ஒரே தராசில் நிறுத்தாமல் இருக்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள். முன்னவன் பிறர் கைவேலையை எடுத்தாண்டான். அதற்குரிய கிரயத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவன். பின்னவன் செய்தது, ஸ்டீலியும் க்ளீவியும் அவர்களுக்கு முன்னிருந்தவர்களும் காலங்காலமாகச் செய்துவந்த காரியம்.

இந்தப் பேதத்தை மறந்து தாளத்துக்கே உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அதன் பலனை அனுபவிப்பவர் யார்? க்ளீவிக்கு ஒரு நல்ல தொகை கிடைக்கலாம், கிடைக்கட்டும். ஆனால் பாட்டுரிமைகளை மொத்தமாக வாங்கிக் குவிக்கும் முதலீட்டுக் கம்பெனிகள் பெருகிவரும் இக்காலத்தில், அந்தப் பத்திரம் கைமாறி எங்கே போய்ச் சேரும் என்பதை ஊகிக்க ஜோசியம் தெரிந்திருக்கவேண்டியதில்லை. பேட் பன்னிக்கும் கரோல் ஜிக்கும் கப்பம் கட்டும் வசதி உண்டு. அவர்கள் கம்பெனிகள் அதைக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடும். சாந்தோ டொமிங்கோவின் சந்துகளில், எல் ஆல்ஃபா என்ற பாடகரைப்போல் தானும் ஒருநாள் ஆகலாம் என்று பழைய கணினி ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பையனுக்குத்தான் வாசல் அடைபடும். தொண்ணூறுகளில் கேஸட்டைப் பறித்த போலீஸ்காரனின் வேலையை இனி வக்கீல் நோட்டீசு செய்யும்.

அதற்காகக் கம்பெனிகள் மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. தாளம் பொதுச்சொத்து என்று நீதிமன்றத்தில் வாதிக்கும் இதே கம்பெனிகள், தங்கள் பாட்டின் ஒரு விநாடியைப் பிறர் எடுத்தால் விடுவதில்லை. பொதுவென்று சொல்லி எடுப்பவன் பொதுவுக்குத் திரும்பக் கொடுக்கவும் வேண்டும். பாடகர்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. பேட் பன்னி 2025 ஜனவரியில் வெளியிட்ட ‘டெபி திரார் மாஸ் ஃபோட்டோஸ்’ ஆல்பத்தில் தம் தீவின் பழைய இசையாகிய பிளேனாவின் கலைஞர்களை அழைத்துப் பெயர் சொல்லிப் பாடவைத்தார். அப்பாட்டுகளோடு வெளியான காட்சிகளில் போர்ட்டோ ரிக்கோவின் சரித்திரத்தை வரிசையாக எழுதித்தரும்படி ஹொரெல் மெலெண்டெஸ்-பதியோ என்ற சரித்திராசிரியரையே அமர்த்தினார். பின்னர் அதே ஆண்டில் சான் ஹுவானிலேயே முப்பத்தொரு கச்சேரிகள் நடத்தி, அவற்றுள் முதல் ஒன்பதைத் தீவில் வசிப்பவர்களுக்கென்றே ஒதுக்கினார். தன் மண்ணுக்கு இவ்வளவு நன்றி பாராட்டத் தெரிந்தவர், அந்தச் சரித்திரத்தில் கிங்ஸ்டனுக்கும் பனாமாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் அவருடைய புகழில் அணுவளவும் குறையாது.

தீர்ப்பு எப்போது வந்தாலும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அதற்காகக் காத்திராமல் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. கிங்ஸ்டன் ஒலிப்பதிவிலிருந்தோ அதன் வழிவந்த பதிப்புகளிலிருந்தோ நேரே வெட்டி எடுத்த பாட்டுகளுக்கு உரிய பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு, வழக்குச் செலவாக வக்கீல்களுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, வயோதிகத்தில் வாடும் ஜமைக்கா, பனாமா வாத்தியக்காரர்களுக்கு ஒரு நிதி வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் கூடிப் பேச நாளாகும் என்றால் ஆகட்டும். டெம்பௌ தாளத்தில் அமைந்த ஒவ்வொரு பாட்டின் விவரப் பட்டியலிலும் அத்தாளத்தின் மூலத்தைக் குறிக்கும் ஒரு வரி எழுதி, அதில் விக்ளிஃப் ஜான்ஸன், க்ளீவ்லாண்ட் பிரௌன் என்ற இரண்டு பெயர்களைச் சேர்ப்பதற்கு எந்த நீதிபதியின் உத்தரவும் வேண்டியதில்லை. ஜான்ஸன் அதைப் பார்க்க இல்லை, பிரௌன் இருக்கிறார். யூனிவர்ஸல், ஸோனி, வார்னர் ஆகிய மூன்று கம்பெனிகளும் இந்த வருஷத்திலேயே அதைச் செய்யவேண்டும்.