தோட்டத்து கேமரா வீட்டில் தெரியவில்லையா?

கேள்வி: எங்கள் தோட்டம் வீட்டிலிருந்து 4 கி.மீ. தள்ளி இருக்கிறது. மும்முனை மின்சாரம் பெரும்பாலும் இரவில்தான் வருகிறது. வீட்டுக்காரர் இருட்டில் வரப்பில் நடந்து போக வேண்டாமே என்று மோட்டார் ரூமில் சிம் ரவுட்டர், 2 கேமரா, ரெக்கார்டர் வைத்தோம். மகன் ஊருக்கு வந்தபோது அந்த ரவுட்டருக்கும் வீட்டு பிராட்பேண்ட் ரவுட்டருக்கும் இடையே வயர்கார்டு வி.பி.என். போட்டுக் கொடுத்தான். ‘ஆக்டிவ்’ என்று காட்டுகிறது, ஆனால் படம் வரவில்லை. என்ன செய்வது?

- ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: மூன்று இடங்களை வரிசையாகப் பாருங்கள்.

1. இணைப்பு உண்மையில் இருக்கிறதா? ‘ஆக்டிவ்’ என்றால் உங்கள் பக்கம் சுவிட்ச் போட்டிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ என்ற வரியைப் பாருங்கள். சில நிமிடங்களுக்குள் நடந்ததாகக் காட்டினால் இரண்டு பக்கமும் பேசிக்கொள்கின்றன. அந்த வரியே இல்லாவிட்டால் இணைப்பு இல்லை.

சிம் இணைப்புகளில் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே கூப்பிட முடியாது. அதனால் தோட்டத்து ரவுட்டர்தான் வீட்டைக் கூப்பிட வேண்டும். அதில் ‘கீப் அலைவ்’ 25 வினாடி என்று வையுங்கள். வீட்டு ரவுட்டரின் வெளி முகவரியும் 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், வீட்டையும் யாரும் கூப்பிட முடியாது. பிராட்பேண்ட் கம்பெனியிடம் பொது ஐ.பி. முகவரி கேட்டு வாங்குங்கள்.

2. இரண்டு பக்கமும் ஒரே எண்ணா? பல ரவுட்டர்கள் 192.168.1.1 என்ற எண்ணோடுதான் வருகின்றன. உங்கள் சிக்கல் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 112/3 என்ற சர்வே எண் நம் ஊரிலும் இருக்கும், பக்கத்து ஊரிலும் இருக்கும். ஊர்ப் பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்டால், வி.ஏ.ஓ. நம் ஊர் நிலத்தைத்தான் காட்டுவார். அதுபோல, தோட்டத்து ரெக்கார்டரின் எண்ணைக் கேட்டால் போன் அதை வீட்டுக்குள்ளேயே தேடும், வி.பி.என். பக்கமே போகாது.

தோட்டத்து ரவுட்டரை 192.168.50.1 என்று மாற்றுங்கள். ரெக்கார்டருக்கு நிலையான எண் கொடுத்திருந்தால் அதையும் 192.168.50.64 என்பது போலவும், ‘கேட்வே’யை 192.168.50.1 என்றும் கையால் மாற்ற வேண்டும். இந்த வேலையைப் பகலில், தோட்டத்திலேயே இருந்து செய்யுங்கள். வீட்டிலிருந்து செய்தால் பாதியில் இணைப்பு அறுந்து, 4 கி.மீ. போக வேண்டியிருக்கும்.

3. வழி சொல்லியிருக்கிறதா? ‘அலவ்டு ஐ.பி.’ என்ற இடத்தில், வீட்டு ரவுட்டரில் 192.168.50.0/24 என்றும், தோட்டத்து ரவுட்டரில் 192.168.1.0/24 என்றும் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனாலும் படம் வராது. எல்லாம் சரியாக இருந்தும் தோட்டத்தில் தெரிகிற படம் வீட்டில் தெரியாவிட்டால், ரெக்கார்டரின் ‘கேட்வே’யை மறுபடி பாருங்கள்.

வி.பி.என். தொல்லை என்று கேமராவை நேரடியாக இணையத்தில் திறந்துவிடாதீர்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. நாளை போனிலேயே மோட்டாரை ஓட்டும் வசதியும் வைப்பீர்கள். அப்போது கிணற்றில் ஆள் இறங்கினாலோ மோட்டாரில் கை வைத்தாலோ, மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போனில் ‘ஆஃப்’ காட்டுவதை நம்பி யாரும் மோட்டாரைத் தொடக் கூடாது.