நிறுத்துவது எப்படி என்று யார் சொல்வது?

ஆபரேஷனுக்கு முன்னால் நம் ஆஸ்பத்திரிகள் பத்து இடத்தில் கையெழுத்து வாங்குகின்றன. முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, வலி மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று ஒரு வரி எழுதித் தருவதில்லை. இதை நான் அலட்சியம் என்றுதான் சொல்வேன்.

நான் கோவளத்துக்காரன். சென்ற ஆண்டு நடு மார்பெலும்பைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். பிளந்த எலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். டிரமடால் எழுதிக்கொடுத்தார்கள். மூன்று வேளை, மூன்று வாரம். அதற்குப் பிறகு? சீட்டில் ஒன்றுமில்லை. சீட்டுப்படி மாத்திரை தீர்ந்த மறுநாளே வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு. ராத்திரி பூரா தூக்கமில்லை, கால் ஓயவில்லை. போன் பண்ணினால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், மனசுதான். பொறுத்துக்கோங்க" என்றார்கள்.

மனசு இல்லை, மருந்து. டிரமடால் அபின் வகை வேலையும் செய்கிறது. செரோடோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு மூளை ரசாயனங்களையும் கூட்டி வைக்கிறது. வாரக்கணக்கில் பழகிய நரம்புகளிடமிருந்து இரண்டையும் ஒரே நாளில் பிடுங்கினால் உடம்பு கூச்சல் போடத்தான் செய்யும். இது உடல் சார்பு. கேடு என்று தெரிந்தும் தேடிப்போகிற அடிமைத்தனம் வேறு. இந்த வித்தியாசம் மருத்துவர்களுக்குத் தெரியும். நோயாளிக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கடைசியில் வேறொரு டாக்டரம்மா எழுதித் தந்தார்: முதலில் மதிய மாத்திரையை விடு, சில நாள் கழித்துக் காலையை, கடைசியில் இரவை, நடுவில் பாராசிட்டமால் நேரம் தவறாமல். எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தச் சில மாத்திரைகளை வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. எங்கள் ஊர் மெடிக்கலில், "அது வைக்கிறதில்ல சார், செக்கிங் வந்தா பதில் சொல்ல முடியாது" என்றார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேளம்பாக்கம் போனேன். 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. கள்ளச் சந்தையைத் தடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர் சீட்டோடு வருகிறவன் ஏன் திருடனைப் போல முழிக்க வேண்டும்?

"அமெரிக்காவைப் பாருங்கள், வலி மாத்திரை கொடுத்தே கெட்டார்கள்" என்பார்கள். பார்ப்போம். 1996இல் ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்தது. அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றார்கள். 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அது பேராசையின் கதை. நம்முடையது பஞ்சத்தின் கதை. அபினைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாடு இது. இங்கே கிடைக்கும் மார்ஃபின் வகை மருந்து தேவையில் 4 சதவீதம்தான் என்றது 2017இல் வந்த லான்செட் ஆணைய அறிக்கை. அங்கே நிறுத்தாமல் கொடுத்தார்கள், இங்கே கொடுக்கவே பயப்படுகிறார்கள். இரண்டு இடத்திலும் நோயாளியிடம் உட்கார்ந்து பேச ஆளில்லை.

இன்னொரு கட்சி, "வலியைத் தாங்கினால்தான் உடம்பு தேறும்" என்கிறது. கட்டுமரம் தள்ளிய பரம்பரை, எங்களிடமே இதைச் சொல்கிறார்கள். மார்பைப் பிளந்தவன் வலிக்குப் பயந்து அரை மூச்சு விடுவான், இரும மாட்டான், சளி தங்கும், நிமோனியா வரும். எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையும். வலி மருந்து கொடுப்பது செல்லம் கொடுப்பதற்கல்ல, மூச்சு விட வைப்பதற்கு. பொறுமையைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் பொறுமையைத்தான் புகழ்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. டிஸ்சார்ஜ் சீட்டோடு தமிழில் ஒரு தாள்: எந்த மாத்திரையை எந்த நாளில் எவ்வளவு குறைப்பது, குறைக்கும்போது உடம்பு என்ன செய்யும், எது வந்தால் உடனே வர வேண்டும். கீழே, எடுத்துப் பேசுகிற ஒரு போன் நம்பர். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சுகர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அதே ஊழியர் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரிடம், "மாத்திரையைக் குறைச்சீங்களாண்ணே, தூக்கம் வருதா?" என்று கேட்கக்கூடாதா? காப்பீட்டு அட்டையில் பல லட்ச ரூபாய் ஆபரேஷனுக்கு வழி பண்ணிய அரசுக்கு, ஒரு தாள் அச்சடிக்கக் காசில்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.