கோல சிலாங்கூர் மின்மினிகள்: நம்ம விளக்கு அவற்றுக்கு ஏன் ஆகாது?

கோல சிலாங்கூர்னு சொன்னா பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது கம்போங் குவாந்தான். இருட்டியதும் சம்பானில் ஏறினால், சிலாங்கூர் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்க்கலாம். தெரோப்திக்ஸ் தெனெர் என்பது இந்த இனத்தின் அறிவியல் பெயர். அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது 'அழிவாய்ப்புள்ள' இனம். வாழிடம் சுருங்குவது ஒரு காரணம். இன்னொன்று, இரவில் நாம போடும் வெளிச்சம்.

ஒளியே எப்படி ஒளிக்கு எதிரியாகும்?

வயிற்றில் எரியும் விளக்கு

மின்மினியின் வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற வேதிப்பொருள் இருக்கு. லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியோடு அது ஆக்சிஜனுடன் வினைபுரியும்போது மஞ்சள் கலந்த பச்சை ஒளி பிறக்கும். பழைய குண்டு பல்பு மாதிரி இது சுடாது.

ஒளி உண்டாக்கும் செல்களுக்குப் பின்னால் யூரிக் அமிலத் துகள்கள் நிறைந்த இன்னொரு அடுக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள இந்தத் துகள்கள், உடலுக்குள் போகும் ஒளியைச் சிதறடித்து வெளியே திருப்பி விடும். டார்ச் லைட்டுக்குள் இருக்கும் பளபளப்பான கிண்ணம் செய்யும் அதே வேலைதான்.

எல்.இ.டிக்குப் பாடம் சொன்ன பூச்சி

எல்.இ.டியில் ஒரு சிக்கல் இருக்கு. உள்ளே உண்டாகும் ஒளியில் ஒரு பங்கு, மேற்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். மின்மினியின் மேல்தோலுக்கும் இதே சிக்கல்தான். ஆனால் சில மின்மினிகளின் தோலில் ஓட்டுக்கூரை மாதிரி சாய்ந்த செதில்கள் இருப்பதையும், அவற்றின் விளிம்புகள் வழியே ஒளி கூடுதலாக வெளியேறுவதையும் பெல்ஜியம் ஆய்வாளர்கள் கண்டனர். அதே வடிவத்தை எல்.இ.டி மேல் பூசிப் பார்த்தபோது வெளிச்சம் 55 விழுக்காடு வரை கூடியது. 2013-இல் இந்த முடிவு வெளியானது.

அப்போ பிரச்சினை எங்கே?

மின்மினிக்கு ஒளிதான் பேச்சு. ஆணும் பெண்ணும் துணை தேடுவது மின்னலை வைத்துத்தான். பக்கத்தில் தெருவிளக்கோ கைப்பேசி ஃபிளாஷோ எரிந்தால் அந்தச் சின்ன வெளிச்சம் அதில் கரைந்து போகும். சந்தை இரைச்சலில் ரகசியம் பேசுவது மாதிரி. ஜோடி சேராவிட்டால் முட்டை இல்லை; அடுத்த தலைமுறையும் இல்லை.

மஞ்சள் விளக்கு போட்டா போதாதா?

பூச்சிகளுக்கு மஞ்சள் விளக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். மின்மினிக்கு அது பொருந்தாமல் போகலாம், ஏன்னா அதன் சொந்த ஒளியே மஞ்சளுக்குப் பக்கத்து நிறம். 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெண் மின்மினிகளின் பதில் மின்னலை அதிகம் அடக்கியது ஆம்பர் நிற விளக்குதான். ஆய்வு செய்யப்பட்டது வேறு இனம். ஆனாலும் பல்பின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தி அடைய முடியாது என்பது தெளிவு. ஒளி ஆற்றுப் பக்கம் போகாமல் மறைப்பதும், தேவையில்லாத நேரத்தில் அணைப்பதும்தான் நம்பகமான வழி.

தோட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பூச்சிக்கு மரம் மட்டும் போதாது. இதன் புழுக்கள் ஆற்றோர ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரை வரைக்கும் காட்டை அழித்துச் செம்பனை நட்டாலோ, பூச்சிமருந்து ஆற்றோரம் வழிந்தாலோ, முதலில் அடிபடுவது அந்தப் புழுக்கள். 2009-இல் சிலாங்கூர் மாநில அரசு ஆற்றங்கரையின் ஒரு பகுதியைப் பாதுகாப்பு மண்டலமாக அரசிதழில் அறிவித்தது. ஆனால் பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ கடைத்தெருவிலிருந்தோ வரும் வெளிச்சம் மண்டலத்தின் எல்லையைப் பார்த்து நிற்காது.

படகு ஓட்டுபவர்களின் வருமானமும் இந்தப் பூச்சியை நம்பித்தான் இருக்கு. அதனால் விளக்கைத் திருப்பி வைப்பது ஊராட்சி மன்றம், தோட்ட நிர்வாகம், கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. பார்க்கப் போகும் நமக்கு இருப்பது ஒரே வேலை: சம்பானில் ஏறும் முன் கைப்பேசியைப் பைக்குள் வைப்பது.