குற்றம் மறவா ஏடு தொண்டினை மறக்கலாமா?

முதுமையால் தளர்ந்த ஒருவரின் உடலைக் கழுவி, உணவூட்டி, படுக்கையிலே புரட்டிக் கிடத்தி, இரவெல்லாம் அவர் அழைக்குங் குரலுக்குச் செவிகொடுக்கும் கை எவருடையது? வைத்தியருடையதன்று. பட்டயம் பெற்ற தாதியுடையதும் பெரும்பாலும் அன்று. உதவித் தாதி என்னும் எளிய தொழிலாளியின் கையே அது. மாடத்திலே வாழ்ந்தவராயினும் மண்குடிலிலே வாழ்ந்தவராயினும், கடைசி நாட்களை மானத்தோடு கழிப்பதும் அதனை இழந்து கழிப்பதும் அந்தக் கையைப் பொறுத்தே இருக்கின்றன.

அக்கைக்கு உரியவர் பயிற்சி பெற்றவரா, முன்பு எங்கேனும் முதியவரைத் துன்புறுத்தியவரா என்பதை அறிந்துகொள்ள அரசு ஓர் இடாப்பு வைத்திருத்தல் நன்று அன்றோ? ஐக்கிய அமெரிக்காவிலே ஒவ்வொரு மாநிலமும் அத்தகைய இடாப்பொன்றை வைத்திருக்கின்றது. அதனைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுந்தோம்.

‘எங்கோ கிடக்கும் அமெரிக்க இடாப்பு எமக்கெதற்கு?’ என்று வாசகர் வினவலாம். நம் வீடுகளிலிருந்து கடல் கடந்து சென்ற மக்களுள் அந்நாட்டு முதியோர் இல்லங்களிலே இத்தொழில் செய்து பிழைப்போரும் உளர். அவர்தம் சம்பளம் அந்த ஏட்டின் ஒரு வரியிலே தொங்குகின்றது. அதற்கும் மேலாக, ஓர் அரசு தன் தொழிலாளியைப் பற்றி எதனை நினைவில் வைக்கின்றது, எதனை மறந்துவிடுகின்றது என்பது எந்நாட்டவர்க்கும் பொதுவான நீதிப் பிரச்சினை. தோம்பிலே பெயரில்லாதவனுக்குக் காணியில்லை என்ற காலத்தின் வழிவந்த கமக்காரருக்கு ஏட்டின் வலிமையை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இந்த இடாப்பு பிறந்த வரலாற்றை முதலிற் காண்போம். அமெரிக்க முதியோர் இல்லங்கள் பலவற்றிலே நிலவிய சீர்கேட்டினை 1986ஆம் ஆண்டிலே அந்நாட்டு மருத்துவ நிறுவகம் வெளியிட்ட அறிக்கை அம்பலப்படுத்தியது. அதன் பயனாக, 1987ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22ஆம் நாள் ஜனாதிபதி றேகன் ஒப்பமிட்ட வரவு செலவுச் சட்டமொன்றினுள் முதியோர் இல்லச் சீர்திருத்தமும் இடம்பெற்றது. அதுவரை உதவித் தாதிக்கென நாடு முழுவதற்கும் பொதுவான பயிற்சி விதி இருந்ததில்லை. நேற்று உணவுக்கடையிலே கோப்பை கழுவியவர் இன்று நோயாளியைக் குளிப்பாட்டலாம், கேட்பாரில்லை.

புதிய சட்டம் அதற்கு ஒரு வரம்பிட்டது. குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதிலே 16 மணி நேரமாவது மேற்பார்வையின்கீழ்ச் செய்முறையாக இருத்தல் வேண்டும். பின்னர் பரீட்சையிலே தேறவேண்டும். இது சமஷ்டி அரசு விதித்த அடிமட்டம். மாநிலங்கள் விரும்பினால் இதனை உயர்த்திக்கொள்ளலாம். டெக்சாஸ் 100 மணி நேரமும், கலிபோர்ணியா 160 மணி நேரமும் கேட்கின்றன. முழுநேர ஊழியராக அமர்ந்த ஒருவர் நான்கு மாதங்களுக்குள் இவற்றை முடித்தல் வேண்டும். முடித்தவரின் பெயர் மாநில இடாப்பில் ஏறும். வேலை கொடுக்கும் இல்லம் அவ்விடாப்பைப் பார்த்து உறுதிசெய்த பின்னரே அவரை நோயாளியிடம் அனுப்பவேண்டும். அவர் வேறு மாநிலங்களில் வேலை செய்திருப்பாரெனக் கருதினால் அம்மாநில இடாப்புகளையும் விசாரித்தல் வேண்டும். பொதுமக்களும் பெயரையோ இலக்கத்தையோ கொண்டு இணையத்தளத்திலே தேடி அறியலாம்.

இவ்வளவும் போற்றத்தக்கனவே. தம் தாயை அந்நியர் கையில் ஒப்படைக்கும் மகன் அந்தக் கை யாருடையதெனக் கேட்பது அவமதிப்பன்று, அவன் கடமை. உண்மையாக உழைப்பவரும் அக்கேள்விக்கு அஞ்சவேண்டியதில்லை. பொய்யரிடமிருந்து அவரை வேறுபடுத்திக் காட்டுவதும் அதே ஏடுதான்.

தண்டிக்குமிடத்தும் சட்டம் ஓரளவு நீதியோடுதான் நடக்கின்றது. முதியவரை அடித்தார், கவனியாது கைவிட்டார், அவர் பொருளைக் கவர்ந்தார் என்ற முறைப்பாடு எழுமாயின் மாநில அரசு விசாரிக்கும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எழுத்திலே அறிவித்தல் வேண்டும். அவர் தம் பக்கத்தை எடுத்துரைக்க 30 நாட்களுக்குள் விசாரணை கோரலாம். குற்றம் மெய்யெனத் தீர்ப்பானால் 10 வேலை நாட்களுக்குள் அது இடாப்பிலே பதியப்படும். அதன் அருகே அவர் தம் மறுப்பையும் பதியச் செய்யலாம். அத்தகைய பதிவுள்ளவரைச் சமஷ்டி அரசின் பணம் பெறும் முதியோர் இல்லம் எதுவும் வேலைக்கு அமர்த்தலாகாது. ஒருமுறை மாத்திரம் நேர்ந்த கவனயீனமாயின், ஓராண்டின் பின்னர் மனுச்செய்து பதிவை நீக்கும்படி கேட்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அடித்தவர்க்கும் திருடியவர்க்கும் அவ்வழி இல்லை. அது சரியே. வாய்பேச இயலாத முதியவரை அடித்தவருக்காக வாதாட நாம் வரவில்லை.

நாம் வாதாட வந்தது வேறொருத்திக்காக.

அதே சட்டத்திலே இன்னுமொரு விதி உண்டு. தொடர்ந்து 24 மாதங்கள் ஊதியத்துக்குத் தாதித் தொழிலோ அதனைச் சார்ந்த தொழிலோ செய்யாதவரின் சான்று செல்லாது. அவரது பெயரை இடாப்பிலிருந்து நீக்கிவிடவேண்டும். ஆனால் குற்றப் பதிவு உள்ள பெயரை மாத்திரம் நீக்கலாகாது! விதியின் ஒரே மூச்சிலே இவ்விரண்டும் வருகின்றன. பிழை செய்தவளின் பெயரை ஏடு பத்திரமாகக் காத்து வைத்திருக்கின்றது. பத்தாண்டு பழுதின்றித் தொண்டு செய்தவளின் பெயரை இரண்டாண்டு மௌனத்திலே அழித்துவிடுகின்றது. குற்றத்துக்கு நெடிய நினைவு. தொண்டுக்குக் குறுகிய நினைவு. இது என்ன கணக்கு?

ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டாம், அவளைப் போன்றவர் பலர். நம்மூரிற் பிறந்து, மணமாகி அமெரிக்கா சென்று, முதியோர் இல்லமொன்றிலே ஏழாண்டு உழைத்தவள். ஊரிலே தகப்பனார் வாதத்தில் விழுந்தார் எனச் செய்தி வருகின்றது. வேலையை விட்டு ஓடிவருகின்றாள். இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப்புண் வராது காத்து, கரண்டியாற் கஞ்சி பருக்கி, இரண்டரை ஆண்டு இராப்பகலாக அவரைப் பார்க்கின்றாள். அவர் கண்மூடியபின் கணவனிடமும் பிள்ளைகளிடமும் திரும்பிச் சென்று பழைய வேலையைக் கேட்கின்றாள். இடாப்பைப் பார்க்கிறார்கள், காலங்கடந்துவிட்டது என்கிறார்கள். ‘இந்த இரண்டரை ஆண்டும் நீ இத்தொழிலைச் செய்யவில்லையே’ என்கிறார்கள். செய்யவில்லையா? சம்பளம் வாங்காமற் செய்தாள். அதுவே அவள் குற்றம்! பல மாநிலங்களிலே ஒருவர் சான்றினைப் புதுப்பிக்க, இரண்டாண்டுக்குள் தாதியொருவரின் மேற்பார்வையில் எட்டு மணி நேரம் ஊதியத்துக்கு உழைத்திருந்தாற் போதும். எட்டு மணி நேரக் கூலி வேலை சான்றினைக் காக்கும். இரண்டரை ஆண்டுப் பிள்ளைக்கடன் காவாது.

இதற்கு மறுமொழி கூறுவோர் உளர். ‘கைத்திறன் மழுங்கிப் போகும், மருத்துவ முறைகள் மாறிப் போகும், நோயாளியின் உயிரல்லவா பெரிது?’ என்பர். நோயாளியின் உயிரே பெரிது; மறுக்கவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் உழைத்தவளின் திறன் இரண்டாண்டு மழுங்காது நிற்குமாயின், ஏழாண்டு உழைத்து வீட்டிலும் அதனையே செய்தவளின் திறன் எவ்வாறு முற்றாக அழிந்தது? ஐயமிருந்தால் பரீட்சை வைத்துப் பார்க்கட்டும். சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கின்றது. காலங்கடந்தவர் புதிதாகப் பயிற்சியும் பரீட்சையும் முடிக்கவேண்டும், அல்லது பரீட்சையொன்றை மாத்திரம் முடிக்கவேண்டும் என்றே அது கூறுகின்றது. இரண்டிலே எளிய வழியை எல்லா மாநிலங்களும் திறந்துவிடுவதிலே நட்டம் யாருக்கு?

மேலும் ஒன்று. 2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்றுப் பரவி முதியோர் இல்லங்களிலே ஆட்பற்றாக்குறை மிகுந்தபோது, நான்கு மாத விதியைச் சமஷ்டி அரசு தளர்த்தியது. முழுப் பயிற்சியும் சான்றும் இல்லாதவரும் அக்காலத்தைக் கடந்து வேலை செய்ய முடிந்தது. நெருக்கடி தணிந்தபின் விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தனக்குத் தேவை வந்தபோது சட்டம் வளைந்தது. தொழிலாளிக்குத் தேவை வரும்போது மட்டும் அது இரும்பாக நிற்பதோ?

ஆதலின் நாம் கூறுவது இது. குற்றத்தின் நினைவை ஏடு காக்கட்டும்; தொண்டின் நினைவையும் காக்கட்டும். எத்தனை ஆண்டு பழுதின்றி உழைத்தாள் என்பதும் அவள் பெயரோடு நிற்கட்டும். காலங்கடந்து திரும்புவோரை முதல் வகுப்பிலே கொண்டுபோய் இருத்தாது பரீட்சை மண்டபத்துக்கு அனுப்பட்டும். பெற்றாரையும் பிள்ளையையும் பராமரித்த காலத்தை வெறுங்காலமெனத் தள்ளாதிருக்கட்டும்.

சட்டம் மாறும்வரை நம்மவர் விழிப்போடிருத்தல் வேண்டும். இத்தொழிலில் உள்ள மக்களுக்குக் கடிதம் எழுதும்போது பெற்றார் இவற்றையும் சேர்த்து எழுதுக. சான்று முடியும் நாளைச் சுவரிலே எழுதி வையுங்கள். புதுப்பிக்கும் அறிவித்தல் வருமென்று காத்திராதீர்கள். வீடு மாறினால் இடாப்பு அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பழைய விலாசத்துக்குச் செல்லும் கடிதம் உங்களுக்குப் பயன்படாது. மணமாகிப் பெயர் மாறினால் அதனையும் பதியுங்கள். ஏட்டிலே ஒரு பெயரும் கையிலே ஒரு பெயரும் இருந்தால் வேலை கொடுப்போர் தேடிக் காணமாட்டார். சம்பளச் சீட்டுகளைக் காணி உறுதியைப் போலப் பேணுங்கள். வேலை செய்த இல்லம் நாளை மூடப்பட்டாலும் உழைத்ததற்கு அவையே சாட்சி. வேறு மாநிலம் செல்வதாயின் பழைய சான்று உயிரோடிருக்கும்போதே மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 12 மணி நேரத் தொழிற்பயிற்சியை இல்லம் அளிக்கவேண்டும் என்பது விதி. அதனைக் கேட்டுப் பெறுங்கள். இடாப்பிலே பெயர் வைத்திருப்பதற்கென உதவித் தாதியிடம் மாநிலம் கட்டணம் அறவிடலாகாது என்பதும் சமஷ்டிச் சட்டமே. இடைத்தரகருக்கு அதன்பேரில் பணம் கொடாதீர்கள். ஊருக்கு வரும்போது 24 மாதக் கணக்கை மறவாதீர்கள். முறைப்பாடு எழுந்து அறிவித்தல் வருமாயின், அஞ்சி ஒளியாது 30 நாட்களுக்குள் விசாரணை கோருங்கள். வாய் திறவாதவரின் மௌனத்தை ஏடு சம்மதமாகவே எழுதிக்கொள்ளும்.

நாமும் ஒருநாள் மூப்படைவோம். நம்மைப் புரட்டிப் படுக்கவைக்கும் கை கூலிக்கு வந்ததோ குருதியுறவால் வந்ததோ அறியோம். அந்தக் கையின் பிழையை மாத்திரம் எழுதி வைத்து, அதன் பொறுமையை எழுத மறந்த உலகம், முதுமையிலே தனக்கு வேண்டிய பொறுமையை எவ்வாறு எதிர்பார்க்கும்? தண்டிக்கத் தெரிந்த அரசு நன்றி பாராட்டவும் கற்றுக்கொள்ளட்டும். அன்றுதான் அந்த இடாப்பு நீதியின் ஏடாகும். அதுவரை அது பாதி எழுதிய ஏடே.