உதவியன்று, பங்கு

வேப்பூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடுகிறது. வணிகம் முடிந்து வீடு திரும்புபவர் திண்ணையில் அமர்ந்து களைப்பாறுகிறார். அதே நாளில் மக்காச்சோளக் காட்டில் களையெடுத்துவிட்டு மாலையில் திரும்பும் பெண் நேராக அடுப்படிக்குச் செல்கிறார். இருவரும் உழைத்தவர்களே. ஆனால், ஒருவருக்கு வீடு ஓய்விடம். மற்றவருக்கு அதுவே இரண்டாவது பணியிடம். வீட்டுவேலையைக் குடும்பத்தினர் அனைவரும் மகிழ்ச்சியுடன் செய்ய வழியுண்டா என்னும் வினாவை இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

எண்கள் கூறும் உண்மை

மக்கள் ஒரு நாளின் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை அறிய, நடுவண் அரசு 2019 ஆம் ஆண்டு நாடு தழுவிய கணக்கெடுப்பை நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் உடையோரில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காட்டினர், ஆண்கள் 26.1 விழுக்காட்டினர். ஈடுபட்டோருள்ளும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவை முறையே 289, 88 நிமிடங்கள் ஆயின. பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்ததே என மகிழ்வதற்கில்லை. ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது.

289 நிமிடம் என்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அதைத் தனியாகச் சுமப்பவரிடம், “பாட்டுக் கேட்டுக்கொண்டே மகிழ்ச்சியாகச் செய்யுங்கள்” என்று கூறுவது அறிவுரையாகாது. சுமை பிரிந்த பின்னரே வேலை இனிக்கும்.

உலக்கைக்கு எதிர் உலக்கை

வேலையைப் பாட்டோடு இணைத்த மரபு நம்முடையது. ஏற்றம் இறைக்க ஏற்றப்பாட்டும் நாற்று நட நடவுப்பாட்டும் இருந்தன. உரலில் தானியம் குற்றும்போது பாடப்பட்டது வள்ளைப்பாட்டு. கலித்தொகையில் தலைவியும் தோழியும் உலக்கை மாற்றிக் குற்றியவாறே மாறி மாறிப் பாடுகின்றனர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் வள்ளைப்பாட்டு இடம்பெற்றுள்ளது. உலக்கை பெண்கள் கையிலேயே இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், அப்பாட்டு ஓர் உண்மையை உணர்த்துகிறது. ஒரு குரலுக்கு மறுகுரல் இருந்ததால்தான் குற்றும் வேலை பாட்டாயிற்று.

நிலக்கடலை விளையும் நம் வட்டாரத்தில் விதைக்கடலை உடைக்கும் வேலையை எண்ணிப் பாருங்கள். தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் எனக் குடும்பமே வட்டமாக அமர்ந்துவிட்டால், மூட்டை குறைவதே தெரியாமல் கதை வளரும். அதே மூட்டையை ஒருவர் மட்டும் உடைத்தால் விரல் நோவதுதான் மிஞ்சும். கடலையும் மாறவில்லை, கையும் மாறவில்லை, உடனிருப்போர்தாம் இல்லை.

டால்ஸ்டாய் பண்ணை கற்பித்தது

1910 ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகில், நண்பர் காலன்பாக் வழங்கிய நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அறப்போராட்டத்தில் ஈடுபட்டோரின் குடும்பங்கள் அங்கு ஒன்றாக வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். பண்ணையில் பணியாளர் எவருமிலர். சமையல் முதல் கழிப்பிடத் தூய்மை வரை எல்லாவற்றையும் அங்கு வாழ்ந்தோரே செய்தனர். ஆசிரியர் செய்யாத வேலையை மாணவரைச் செய்யச் சொல்லக் கூடாது என்பது அங்கு நிலவிய விதி. மாணவர் ஒரு வேலையில் இறங்கினால் ஆசிரியர் ஒருவரும் உடன் இறங்குவார். அதனால் பிள்ளைகள் எதைக் கற்றாலும் மகிழ்ச்சியோடு கற்றனர் எனக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

இவ்விதி வீட்டுக்கும் பொருந்தும். கைப்பேசியைப் பார்த்தபடியே, “போய்ப் பாத்திரத்தைக் கழுவு” என்று கூறும் குரல் கட்டளை. பாத்திரம் கழுவும் தந்தையின் அருகில் நின்று துடைத்து அடுக்கும் பிள்ளைக்கோ அது வேலை மட்டுமன்று. தந்தையோடு பேசக் கிடைத்த நேரம்.

‘உதவி’ என்னும் சொல்

“நான் அம்மாவுக்கு உதவுகிறேன்” என்று கூறும் மாணவரைப் பாராட்டுகிறோம். அச்சொல்லைச் சற்று ஆராய வேண்டும். உதவி என்றால் வேலை மற்றவருடையது. நாம் விரும்பினால் செய்யலாம், இல்லையேல் விட்டுவிடலாம். தாம் உண்ட தட்டைத் தாமே கழுவுவது எவருக்குச் செய்யும் உதவி?

குடும்பத் தலைவியின் வீட்டு உழைப்பும் சொத்து உருவாகக் காரணமாகிறது; ஆதலால் சொத்தில் அவருக்குச் சமபங்கு உண்டு எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 சூன் மாதம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய, மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்தின் பெயர் ‘உரிமைத்தொகை’, ‘உதவித்தொகை’ அன்று. சட்டமும் அரசும் சொல்லை மாற்றிவிட்டன. வீடும் மாற்ற வேண்டும்.

பீங்கான் பட்டறையின் பாடம்

நமக்கு அருகிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. குழம்பாகக் கரைத்த களிமண்ணை ஒருவர் அச்சில் ஊற்றுகிறார். அச்சு நீரை உறிஞ்சியதும் உருவம் வெளியே எடுக்கப்படுகிறது. ஒருவர் உலர்ந்ததன் ஓரங்களைச் சீர்செய்கிறார். ஒருவர் மெருகுப் பூச்சிடுகிறார். ஒருவர் சூளையைக் கவனிக்கிறார். ஓரம் சீர்செய்பவர், “அச்சு ஊற்றுபவருக்கு உதவினேன்” எனக் கூறுவதில்லை. அது அவருடைய வேலை. எப்போது தொடங்குவது, எதைக் கவனிப்பது என்பதும் அவர் பொறுப்பே.

வீட்டில் நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். கடைக்குச் செல்ல மகன் இருக்கிறான். ஆனால், உப்புத் தீர்ந்ததை நினைவில் வைத்திருப்பவர் தாய். எரிவாயு உருளையைத் தந்தை தூக்கி வைக்கிறார். ஆனால், அது எப்போது தீரும் என்று கணக்கிடுபவரும் தாயே. கைவேலை பிரிந்தாலும் மனவேலை பிரிவதில்லை. ஒரு வேலையை ஏற்பது என்றால், அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பையும் ஏற்பதாகும்.

தடைகளும் தீர்வும்

“தேர்வுக்குப் படிக்க வேண்டுமே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அதே தேர்வுக்குப் படிக்கும் மகளிடம் விளக்குமாற்றைத் தந்துவிட்டு, மகனிடம் மட்டும் புத்தகத்தைத் தருவது நியாயமன்று. “ஆண்பிள்ளைக்கு எதற்கு அடுப்படி வேலை?” எனப் பெரியவர்கள் தடுக்கலாம். கல்விக்காகவும் பணிக்காகவும் வெளியூர் சென்று தனித்து வாழப்போகும் பிள்ளைக்குச் சோறு வடிக்கத் தெரிவது தன்மானம் என எடுத்துக் கூறுங்கள். முதல் நாள் குழம்பில் உப்புக் கூடலாம். மடித்த துணி கோணலாகலாம். அதைக் கண்டு பெரியவர்கள் வேலையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளாதிருப்பதும் இன்றியமையாதது. பழகும்வரை பொறுப்பவரிடமே பிள்ளைகள் பழகுவர்.

இந்த வாரமே உங்கள் வீட்டில் அனைவரும் கூடி அமர்ந்து, ஒரு நாளில் நடைபெறும் வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்று அதைச் செய்பவர் பெயரைக் குறியுங்கள். ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என எண்ணுங்கள். பின்னர், அப்பெயரை ஓரிடத்தில் அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். மறுநாள் எவரும் நினைவூட்டாமலேயே அந்த வேலையைச் செய்யுங்கள்.