அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டாதீர்கள்!

அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டுச் சற்றுக் கவனம் தப்பினாலும் சட்டி அடிப்பிடித்துவிடும். உடனே கத்தியையோ கம்பித் தும்பையோ எடுத்துச் சுரண்ட வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உள்ள குரோமியம் காற்றுடன் சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலமே அதைத் துருவிலிருந்து காக்கிறது. சுரண்டினால் கீறல் விழும். கம்பித் துகள் தங்கினால் அந்த இடத்தில் துருக்கறை படும்.

சட்டி நன்றாக ஆறியதும், கருகிய பகுதி மூழ்கத் தண்ணீர் ஊற்றி, 2 மேசைக்கரண்டி அப்பச் சோடா இட்டு, மெல்லிய நெருப்பில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். பின் இறக்கி, இரவு முழுவதும் ஊற விடுங்கள். காலையில் மரக்கரண்டியால் தள்ளினால் கருகல் பெரும்பாலும் கழன்று வரும். மீதியிருந்தால் அப்பச் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பூசி, மென்மையான துணியால் தேயுங்கள்.

சூட்டினால் ஏற்படும் நீலநிறக் கறைக்கும், கிணற்று நீரின் சுண்ணாம்பு வெண்புள்ளிக்கும் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தடவிக் கழுவினால் போதும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தைச் சட்டிக்குப் பாவிக்க வேண்டாம். அது உலோகத்தில் நுண்ணிய குழிகளை உண்டாக்கும். அதனுடன் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ கலந்தால் நச்சு வாயு கிளம்பும். கதவடைத்த சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் அருகில் இருக்கும் வீடுகளில் இன்னும் கவனம் தேவை.

குறிப்பு: அலுமினியச் சட்டிக்கு அப்பச் சோடா வேண்டாம், கறுத்துப் போகும்.